அப்பா துப்பாக்கிய என் பேருக்கு மாத்த 14 மாசம் ஆச்சு: லைசென்ஸ் வாங்கப் போறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்க வீட்ல ஒரு ரெட்டைக்குழல் 12 போர் துப்பாக்கி இருக்கு ('போர்'ங்கறது துப்பாக்கிக் குழலோட உள் அளவு). அப்பா 1991-ல வாங்குனது. 2022 டிசம்பர்ல அப்பா தவறிட்டாரு. காரியமெல்லாம் முடிச்சு, பேங்க் வேலை, பட்டா வேலை எல்லாம் ஒவ்வொண்ணா பார்த்துட்டு, ஈபி கனெக்‌ஷன் பேர் மாத்துற மாதிரி இதையும் ஒரு மனு குடுத்து மாத்திக்கலாம்னு நான் பாட்டுக்கு இருந்துட்டேன். நாலு மாசம் கழிச்சு ஸ்டேஷனுக்கு போனா, அங்க இருந்த ரைட்டர் லைசென்ஸ் புக்க புரட்டிட்டு, "உங்க அப்பா செத்த அன்னிக்கே இந்த லைசென்ஸும் செத்துருச்சு தம்பி, இந்த நாலு மாசமா நீங்க வீட்ல வச்சிருந்தது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி, தெரியுமா"ன்னு கேட்டாரு. எனக்கு வேர்த்துருச்சு. நல்ல மனுசன், கேஸ் ஏதும் போடல. எல்லாருக்கும் அப்படி ஒருத்தர் அமைவாருன்னு சொல்ல முடியாது.

அங்க ஆரம்பிச்சு என் பேர்ல லைசென்ஸ் கைக்கு வர 14 மாசம் ஆச்சு, அதுல பாதி என் அறியாமையால ஆன லேட்டு. நீங்க அப்படி மாட்டக்கூடாதுன்னுதான் இத எழுதுறேன். தமிழ்நாட்டு நடைமுறைய வச்சு சொல்றேன், சட்டம் நாடு முழுக்க ஒண்ணுதான், 1959 ஆயுதச் சட்டமும் 2016 ஆயுத விதிகளும்.

1. முதல்ல எது கிடைக்கும், எது கிடைக்கவே கிடைக்காதுன்னு தெரிஞ்சுக்கோங்க

சினிமால பார்க்குற 9 எம்எம் பிஸ்டல் நமக்கு கிடையாது. .38, .45, .303, 7.62 இதெல்லாம் தடை செய்யப்பட்ட போர், பேச்சுவழக்குல 'பிபி'ம்பாங்க. அதுக்கு லைசென்ஸ் குடுக்குறது டெல்லில உள்துறை அமைச்சகம், சாதாரண ஆளுக்கு கிடைக்காது. தானியங்கி ரகம் பத்தி யோசிக்கவே வேண்டாம்.

நம்மள மாதிரி ஆளுங்களுக்கு கிடைக்குறது 'என்பிபி', அதாவது தடை இல்லாத போர். நடைமுறைல நாலஞ்சு ரகம்தான்:

12 போர் ஷாட்கன். ஒத்தைக்குழல், ரெட்டைக்குழல், பம்ப் ஆக்‌ஷன். கிராமத்துல, எஸ்டேட்ல, பேங்க் செக்யூரிட்டி கைல நீங்க பார்க்குறது பெரும்பாலும் இதுதான். தோட்டா லேசா கிடைக்கும், ரிப்பேர் பண்ண ஆள் இருக்கு, இருக்கறதுலயே விலையும் கம்மி.

.315 ரைஃபிள். இஷாப்பூர் அரசு ஃபேக்டரில செய்றது. அஞ்சாறு ஏக்கர் தோட்டத்துக்கு இது எதுக்குன்னு எனக்கு இன்னும் புரியல, குண்டு போற தூரத்துக்கு பக்கத்து ஊர் மாடு செத்துரும்.

.32 ரிவால்வர், .32 பிஸ்டல். கைத்துப்பாக்கின்னா நமக்கு கிட்டத்தட்ட இதுதான். கான்பூர் அரசு ஃபேக்டரி ரிவால்வர்தான் ரொம்ப நாளா ஓடிட்டிருக்கு. 2014-ல பெண்களுக்குன்னு எடை கம்மியா 'நிர்பீக்'னு ஒண்ணு விட்டாங்க, அப்பவே 1.22 லட்சம். 2023-ல 'பிரபல்'னு தூரம் அதிகமா போற ரிவால்வர் வந்துச்சு. உத்தரப்பிரதேசத்துல வெப்லி அண்ட் ஸ்காட் கம்பெனியும் .32 ரிவால்வர் செய்றாங்க.

.22 ரைஃபிள். இது பெரும்பாலும் ஸ்போர்ட்ஸ் ஆளுங்க வாங்குறது.

வெளிநாட்டு துப்பாக்கி வேணும்னா இங்க ஏற்கனவே லைசென்ஸ்ல இருக்குற பழசத்தான் ஒருத்தர் கிட்டருந்து இன்னொருத்தர் வாங்கணும். எண்பதுகளோட நடுவுலயே சாதாரண ஆளுங்க இறக்குமதி பண்றத நிறுத்திட்டாங்க. அதனாலதான் வெளிநாட்டுல சல்லிசா கிடைக்குற ஒரு பழைய .32 பிஸ்டல் இங்க பல லட்சத்துக்கு போகுது.

லைசென்ஸே வேண்டாம்னா ஏர்கன் இருக்கு. .177 போர், குண்டு கிளம்புற சக்தி 20 ஜூலுக்கு மேல போகாதது, இதுக்கு லைசென்ஸ் தேவையில்ல, கடைல அடையாள அட்டையும் முகவரி சான்றும் குடுத்தா போதும். ஆனா அத வச்சு கொக்கு, புறா, மயில்னு ஏதாச்சும் அடிச்சீங்கன்னா வனத்துறை கேஸ்.

நாட்டுத் துப்பாக்கி, அதான் கரிமருந்து கெட்டிச்சு சுடுறது, அதுக்கும் லைசென்ஸ் வேணும். "இது தாத்தா காலத்துது, இதுக்கெல்லாம் எதுக்கு"ன்னு பரண்ல போட்டு வச்சிருக்கறவங்க மலையோர ஊர்கள்ல இன்னும் நிறைய பேர். பிடிச்சா ஜெயில்தான், தாத்தா பேர சொல்லித் தப்பிக்க முடியாது.

2. என்ன காரணம் சொல்லப் போறீங்கன்னு முடிவு பண்ணுங்க

"சும்மா ஆசையா இருக்கு"ன்னு கேட்டா ஒரு இடத்துலயும் குடுக்க மாட்டாங்க. வயசு 21 ஆகியிருக்கணும், அது போக ஒரு காரணம் வேணும்.

தற்காப்புன்னு கேக்குறதுதான் தமிழ்நாட்டுல ரொம்ப கஷ்டம். நிஜமாவே மிரட்டல் இருக்குன்னு காட்டணும். எஃப்ஐஆர் நகல், சிஎஸ்ஆர் ரசீது (புகார் குடுத்ததுக்கு ஸ்டேஷன்ல தர்றது), நகைக்கடை இல்ல பெரிய பணப்புழக்கம் உள்ள தொழில்னா மூணு வருஷ ஐடி ரிட்டர்ன், இதெல்லாம் வச்சுத்தான் பேச முடியும்.

ஸ்போர்ட்ஸ்னா ரைஃபிள் கிளப்ல சேர்ந்து, போட்டில கலந்து, ஸ்கோர் காட்டி அப்புறம் சொந்தமா வாங்கலாம். சென்னை, மதுரை, கோயம்புத்தூர், திருச்சில எல்லாம் கிளப் இருக்கு. 2022 ஜூலைல திருச்சில நடந்த மாநிலப் போட்டில அஜித் வந்து சுட்டாரு பாருங்க, அதுக்கப்புறம் எங்க ஊர் பசங்க நாலு பேர் என்கிட்ட வந்து "அண்ணே எப்படி சேர்றது"ன்னு கேட்டானுங்க. சேருங்க, முதல்ல ஏர் ரைஃபிள்ல ஆரம்பிங்க, எடுத்தவுடனே லைசென்ஸ் பத்தி யோசிக்காதீங்க.

பயிர்ப் பாதுகாப்புக்கு தனி லைசென்ஸ் உண்டு, ஃபார்ம் 4-ல குடுப்பாங்க (தற்காப்பு, ஸ்போர்ட்ஸ் எல்லாம் ஃபார்ம் 3). இங்கதான் பெரிய குழி. பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ் கைல இருக்குன்னா காட்டுப்பன்னிய சுடலாம்னு பாதி பேர் நினைச்சுட்டிருக்காங்க. கிடையவே கிடையாது. ஆயுத லைசென்ஸ் வேற, வனவிலங்கு அனுமதி வேற. 1972 வனவிலங்குச் சட்டம் அது பாட்டுக்கு தனியா நிக்குது. தமிழ்நாட்டுல 2025 ஜனவரில பன்னி சுடுறத பத்தி அரசு சொன்னப்பவும், காப்புக்காட்டுலருந்து மூணு கிலோமீட்டர் தாண்டி வர்ற பன்னிய வனத்துறை ஆளுங்க சுடுவாங்கன்னுதான் சொன்னாங்க, நீங்களும் நானும் சுடலாம்னு இல்ல. கேரளாவுல பஞ்சாயத்துத் தலைவர் உத்தரவு குடுத்தா லைசென்ஸ் உள்ள ஆள வச்சு சுட வைக்கிற ஏற்பாடு இருக்கு, அத பார்த்துட்டு இங்கயும் அப்படித்தான்னு நினைச்சு மாட்டுனவங்க உண்டு. எங்க தோட்டத்துல நான் இதுவரைக்கும் சுட்டது எல்லாம் வானத்த பார்த்து, சத்தத்துக்காக. பன்னி கொஞ்ச நேரம் ஓடிப்போயிட்டு திரும்ப வருது.

நாலாவது காரணம் வாரிசு. அது தனியா.

3. அப்பா, தாத்தா துப்பாக்கின்னா அவங்க இருக்கும்போதே மாத்துங்க

இத மட்டும் படிச்சுட்டு மீதிய விட்டாலும் பரவால்ல. 2016 விதிப்படி, லைசென்ஸ் வச்சிருக்கறவருக்கு 70 வயசு ஆயிட்டாலோ, இல்ல துப்பாக்கிய 25 வருஷம் வச்சிருந்தாலோ, எது முன்னாடி வருதோ அப்பவே வாரிசுக்கு மாத்த மனு குடுக்கலாம். எங்க அப்பாவுக்கு 25 வருஷம் 2016-லயே முடிஞ்சிருச்சு. வீட்ல யாருக்கும் தெரியாது. அப்ப பண்ணியிருந்தா அப்பாவே வந்து கையெழுத்து போட்டிருப்பாரு, அவ்வளவுதான் வேலை.

தவறிட்டாருன்னா இந்த வரிசைல போங்க:

முதல்ல துப்பாக்கி. காரியம் முடியுற வரைக்கும்கூட காத்திருக்க வேண்டாம், பக்கத்து ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடைலயோ ஒப்படைச்சு ரசீது வாங்குங்க. தோட்டா மிச்சம் இருந்தா அதையும் எண்ணிக் குடுத்து ரசீதுல எழுத வைங்க. எனக்கு ரசீதுல துப்பாக்கி மட்டும் எழுதி தோட்டா விட்டுப்போச்சு, பின்னாடி "புக்ல 11 தோட்டா கணக்கு இருக்கே, எங்க"ன்னு கேட்டாங்க.

முடிஞ்சா கடைலயே வைங்கன்னுதான் நான் சொல்லுவேன். மாசத்துக்கு இவ்வளவுன்னு வாடகை வாங்குவாங்க, ஆனா எண்ணெய் போட்டு வைப்பாங்க. நான் ஸ்டேஷன்ல குடுத்தேன், ஒரு வருஷத்துக்கு மேல கழிச்சு எடுக்கும்போது சணல் கயித்துல கட்டுன அட்டைல அப்பா பேர் பாதி அழிஞ்சிருந்துச்சு, குழலுக்குள்ள டார்ச் அடிச்சு பார்த்தா செங்கல் கலர்ல துரு. க்ளீன் பண்ணவே 2,500 ரூபா.

அப்புறம் பேப்பர். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் (இ-சேவைல போட்டு தாசில்தார் ஆபீஸ்ல வர்றது), மத்த வாரிசுங்க எல்லாரும் "எனக்கு ஆட்சேபணை இல்ல"ன்னு குடுக்குற அஃபிடவிட். அக்கா, தங்கச்சி, அம்மா ஒருத்தர விடக்கூடாது. என் தங்கச்சி துபாய்ல இருக்கா, அவ லீவுல வர்ற வரைக்கும் ரெண்டு மாசம் போச்சு. நான் போட்டப்ப 20 ரூபா பத்திரம், 2024-ல அத 200 ஆக்கிட்டாங்க.

4. துப்பாக்கி நம்பர நீங்களே பாருங்க

மனு குடுக்குறதுக்கு முன்னாடி, துப்பாக்கிய ஒப்படைக்கும்போதே இத பண்ணிருங்க. ரெட்டைக்குழல்ல முன்கட்டைய கழட்டி குழல தனியா எடுத்தா, குழலோட அடிப்பக்கம் தட்டையா இருக்குற இடத்துல நம்பர் அடிச்சிருக்கும், பாடிலயும் இருக்கும். சாக்பீஸ் பொடிய தேய்ச்சுட்டு சாய்வா லைட் அடிச்சா தெளிவா தெரியும். அத போட்டோ எடுங்க. லைசென்ஸ் புக்ல இருக்குற நம்பரோட, ஆன்லைன்ல யூஐஎன்ல (லைசென்ஸ்தாரருக்குன்னு தர்ற தனி அடையாள எண்) ஏத்திருக்குற நம்பரோட ஒப்பிடுங்க.

எங்களோடதுல அப்பா புக்ல யாரோ பேனால எழுதுன 7, கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது 1 ஆயிருச்சு. அப்பா இருந்தப்ப ரெண்டு தடவ புதுப்பிச்சும் யாரும் கவனிக்கல. நான் மாத்தப் போனதும் "இது வேற துப்பாக்கி"ன்னுட்டாங்க. அந்த ஒத்தக் கோட்ட திருத்த மூணு மாசம்.

5. ட்ரெய்னிங்கும் மெடிக்கலும்

ரெண்டும் மனுவுக்கு முன்னாடியே வேணும். பாதுகாப்புப் பயிற்சி சர்டிஃபிகேட் ஃபார்ம் எஸ்-1. அங்கீகாரம் உள்ள ரைஃபிள் கிளப்ல குடுப்பாங்க, எந்த கிளப் சர்டிஃபிகேட் செல்லும்னு ஆயுத லைசென்ஸ் பார்க்குற செக்‌ஷன்ல முன்னாடியே கேட்டுட்டு போங்க, நான் கேக்காம போயி ரெண்டு தடவ அலைஞ்சேன். ட்ரெய்னிங் உருப்படியாத்தான் இருந்துச்சு. இத்தனை வருஷமா அப்பா துப்பாக்கிய நான் தூக்கும்போது விரல் ட்ரிக்கர் மேலேயே இருந்திருக்கு, அங்க போனப்பதான் தெரிஞ்சுது.

மெடிக்கல் ஃபார்ம் எஸ்-3. உடம்பும் மனசும் சரியா இருக்கு, குடி, போதைப் பழக்கத்துக்கு அடிமை இல்லன்னு டாக்டர் எழுதித் தரணும். ஜிஎச்-ல வாங்குறதுதான் நல்லது. கண் டாக்டர், மனநல டாக்டர் ரெண்டு பேரும் ஒரே நாள்ல இருக்குற மாதிரி விசாரிச்சுட்டு போங்க.

எஸ்-2ன்னு ஒண்ணு இருக்கு, துப்பாக்கிய பத்திரமா பூட்டி வைப்பேன்னு நீங்களே குடுக்குற உறுதிமொழி. விசாரணைக்கு வரும்போது "எங்க வைப்பீங்க, காட்டுங்க"ன்னு கேப்பாங்க. சுவத்துல பதிச்ச இரும்பு லாக்கர் ஒண்ணு முன்னாடியே வாங்கிருங்க.

6. மனு எங்க, எப்படி

போலீஸ் கமிஷனர் உள்ள ஊர்னா கமிஷனர் ஆபீஸ். மத்த இடம்னா மாவட்ட ஆட்சியர் அலுவலகம். படிவம் பேரு ஏ-1. என்டால்-அலிஸ்ங்கற மத்திய அரசு தளத்துல விவரம் ஏத்தி, பிரிண்ட் எடுத்து, இணைப்போட நேர்ல குடுக்கணும்.

இணைப்பு: போட்டோ, ஆதார், பான், வயசு சான்று, முகவரி சான்று, எஸ்-1, எஸ்-2, எஸ்-3, பயிர்ப் பாதுகாப்புன்னா பட்டா, சிட்டா, அடங்கல், வாரிசுன்னா மேல சொன்னது எல்லாம், அதோட பழைய லைசென்ஸ் ஒரிஜினல், ஒப்படைச்ச ரசீது. ஒரிஜினல குடுக்குறதுக்கு முன்னாடி பக்கம் பக்கமா, வெத்துப் பக்கம் உட்பட, ஜெராக்ஸ் எடுங்க. ஆறு செட் போடுங்க. மனு குடுத்ததுக்கு முத்திரை வச்ச ஒப்புதல் வாங்காம வெளிய வராதீங்க, அந்தத் தேதிய வச்சுத்தான் பின்னாடி பேச முடியும்.

யூஐஎன் நம்பர் இல்லாத லைசென்ஸ் இப்ப செல்லாது. வீட்ல பழைய புக் இருந்தா அத முதல்ல பாருங்க.

7. விசாரணை

ஃபைல் ரெண்டு வழியா போகும். போலீஸ் பக்கம் எஸ்பி ஆபீஸ், டிஎஸ்பி, இன்ஸ்பெக்டர். வருவாய்த்துறை பக்கம் ஆர்டிஓ, தாசில்தார், ஆர்ஐ, விஏஓ. காட்டோரமா இருந்தா வனத்துறை கருத்தும் கேப்பாங்க, எங்களுக்கு கேட்டாங்க. போலீஸ் ரிப்போர்ட் 30 நாள்ல வரணும், அது வந்து 60 நாள்ல முடிவு சொல்லணும்னு விதி. நடைமுறைல ஃபைல் எந்த டேபிள்ல இருக்குன்னு நீங்கதான் தெரிஞ்சு வச்சுக்கணும். நான் மாசம் ரெண்டு தடவ போயி நின்னேன், சண்டை போடல, "அண்ணே, நம்ம ஃபைல் எங்க இருக்கு"ன்னு மட்டும் கேப்பேன்.

பழைய கேஸ் ஏதாச்சும் இருந்தா மறைக்காதீங்க. சாலை மறியல் கேஸா இருந்தாலும் சரி, வரப்புத் தகராறா இருந்தாலும் சரி, படிவத்துல எழுதி, முடிஞ்சிருந்தா தீர்ப்பு நகல் வைங்க. இருந்த கேஸ விட, மறைச்சதுக்குத்தான் நிராகரிப்பாங்க. நிராகரிச்சா காரணத்தோட எழுத்துல வாங்குங்க, மேல்முறையீட்டுக்கு அது வேணும்.

"ரெண்டே மாசத்துல முடிச்சுத் தரேன், ரெண்டு லட்சம்"னு ஆள் வருவான். இவனுங்க சிலர் வெளி மாநிலத்துல எடுத்த போலி லைசென்ஸ கைல குடுத்துட்டு போயிருவானுங்க. அது கைல இருந்தா நீங்கதான் குற்றவாளி.

8. துப்பாக்கி வாங்குறது

வாரிசு கேஸ்னா துப்பாக்கி ஏற்கனவே இருக்கு. புதுசா வாங்குறவங்க லைசென்ஸ் வந்ததுலருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள வாங்கணும். விலைய பொறுத்தவரை புது .32 ரிவால்வர்னா லட்சத்த தாண்டிரும். அதோட 2025 செப்டம்பர்லருந்து ரிவால்வர், பிஸ்டலுக்கு ஜிஎஸ்டி 28-லருந்து 40 சதவீதம் ஆயிருச்சு, பட்ஜெட் போடும்போது மறந்துராதீங்க. பழசு வாங்குனா ஷாட்கன்தான் லாபம், ஆனா ஒரு துப்பாக்கி மெக்கானிக்க கூட்டிட்டு போங்க. குழல்ல பள்ளம் இருக்கா, மூடும்போது ஆட்டம் இருக்கான்னு அவர் ஒரு நிமிசத்துல சொல்லிருவாரு.

2019 திருத்தத்துக்கு அப்புறம் ஒருத்தர் ரெண்டு துப்பாக்கிதான் வச்சுக்கலாம், முன்னாடி மூணு. அப்பாவோடது வாரிசா வருதுன்னாலும் உங்க கணக்குல ஏற்கனவே ரெண்டு இருந்தா யோசிச்சுக்கோங்க.

தோட்டா எத்தனை வாங்கலாம்னு லைசென்ஸ்லயே எழுதியிருக்கும். எந்த மாவட்டம், எந்த மாநிலம் வரைக்கும் செல்லும்னும் எழுதியிருக்கும். கொடைக்கானலுக்கு டூர் போகும்போது கார்ல போட்டுட்டு போகலாமான்னு என் மச்சான் கேட்டான். எதுக்குடா?

9. வீட்டுக்கு வந்த பிறகு

தோட்டா ஒரு இடம், துப்பாக்கி ஒரு இடம், ரெண்டுக்கும் பூட்டு, சாவி உங்க இடுப்புல. கல்யாணம், கிரகப்பிரவேசம், கோயில் கொடைன்னு "ஒரு வேட்டு போடுங்க மாமா"ன்னு கேப்பாங்க. கொண்டாட்டத்துக்கு அலட்சியமா சுட்டா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டுமே. 2019-ல சேர்த்த பிரிவு.

எலெக்‌ஷன் வந்தா திரும்ப ஒப்படைக்கணும். தேதி அறிவிச்சதுமே ஸ்டேஷன்லருந்து போன் வரும், பேங்க் செக்யூரிட்டி, ஸ்போர்ட்ஸ் ஆளுங்க மாதிரி சிலருக்குத்தான் விலக்கு. 2024-ல மார்ச் 16 அறிவிப்பு, ஜூன் 4 ரிசல்ட், என் ஃபைல் கிட்டத்தட்ட முடியுற நேரம், அந்த மூணு மாசமும் ஆபீஸ்ல ஒருத்தரும் அத தொடல. நீங்க மனு போடும்போது அடுத்து எந்த எலெக்‌ஷன் வருதுன்னு ஒரு கணக்கு போட்டுக்கோங்க.

வீடு மாறினா 30 நாளுக்குள்ள சொல்லணும். வாடகை வீட்ல இருக்கறவங்க இதுலதான் நிறைய கோட்டை விடுறாங்க.

10. புதுப்பிக்கறது

இப்ப லைசென்ஸ் அஞ்சு வருஷத்துக்கு. முடியறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே மனு குடுத்துரணும், மெடிக்கல் இருக்கறதால மூணு மாசம் முன்னாடியே ஆரம்பிங்க. நான் லாக்கர் கதவுக்கு உள்பக்கமா புதுப்பிக்குற மனுவுக்கான தேதிய பெயிண்ட்ல எழுதி வச்சிருக்கேன், 2029 மே 1ன்னு. அதுக்குக் கீழ என் பையன் பேரும் அவனுக்கு 21 ஆகுற வருஷமும்.